வீட்டு பிசிபி: தப்பு ஒரு இடத்துல, அடி இன்னொரு இடத்துல

வீட்ல பிசிபி, அதாவது எலக்ட்ரானிக் பார்ட்ஸ மாட்டி இணைக்கிற காப்பர் போர்டு, பண்றதுல எனக்கு ரொம்ப எரிச்சல் வர விஷயம் ஒண்ணே ஒண்ணு தான். ஒவ்வொரு ஸ்டெப்பையும் தனித்தனியா பாத்தா எதுவுமே பெரிய கஷ்டம் இல்ல, பிரின்ட் எடுக்கணும், காப்பர் மேல ஏத்தணும், கெமிக்கல்ல போட்டு எட்ச் பண்ணணும் (வேண்டாத காப்பர அரிச்சு எடுக்கிறது), ஓட்டை போடணும், சோல்டர் வைக்கணும், அவ்ளோதான். ஆனா ஒரு ஸ்டெப்புல நடந்த கோளாறு அந்த ஸ்டெப்புல தெரியவே தெரியாது, ரெண்டு மூணு ஸ்டெப் தாண்டி வேற எங்கயோ போய் வெடிக்கும். டிராக் (கரன்ட் போற காப்பர் கோடு) அறுந்துச்சுன்னா எட்சிங் சொல்யூஷன திட்டுவோம், உண்மையான காரணம் காப்பர துடைச்சப்புறம் பட்ட விரல் ரேகையா இருக்கும். ஓட்டைக்குள்ள ஐசி கால் போகலன்னா டிரில்ல சந்தேகப்படுவோம், ஆனா பிரின்டர் பேப்பர இழுக்கிற திசையில படம் லேசா சுருங்கியிருக்கும். ஆள் மாறி அடிச்சிட்டே இருந்தா எத்தனை போர்டு போனாலும் அடுத்த போர்டு நல்லா வராது.

அதனால இந்த போர்டு பண்ணும்போது ஒவ்வொரு ஸ்டெப் முடிஞ்சதும் அங்கயே நின்னு, இது உண்மையிலயே சரியா வந்திருக்கான்னு பாக்க ஒரு டெஸ்ட் வெச்சுக்கிட்டேன். இந்த பதிவு முழுக்க அதுதான்.

போர்டு ஒரு சின்ன டிசி மோட்டார் கன்ட்ரோலர். சிங்கிள் சைடு, 1.6 மிமீ எஃப்ஆர்4 (கண்ணாடி நார் போர்டு), காப்பர் 35 மைக்ரான், அதாவது சாதாரணமா எல்லாரும் ஒரு அவுன்ஸ் காப்பர்னு சொல்றது. மூளை ஏடிமெகா 328பி மைக்ரோகன்ட்ரோலர் ஐசி, அதுவும் 32 கால் சர்ஃபேஸ் மவுன்ட் (ஓட்டை இல்லாம காப்பர் மேலயே சோல்டர் பண்ற) பேக்கேஜ், ஒரு கால்ல இருந்து அடுத்த கால் 0.8 மிமீ தான். பேட் (கால் உக்கார காப்பர் திட்டு) 0.5 மிமீ, நடுவுல இடைவெளி 0.3. மத்ததெல்லாம் ஓட்டைல மாட்ற பார்ட்ஸ். ஃபேப்ல (போர்டு பண்ணித் தர ஃபேக்டரி) ஆர்டர் பண்ணா பச்சை மாஸ்க் (சோல்டர் ஒட்டாத பூச்சு), உள்ள பிளேட் பண்ண ஓட்டை எல்லாத்தோடயும் அருமையான போர்டு வரும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா சாயங்காலம் டிசைன்ல ஒரு டிராக்க மாத்தி அன்னைக்கு ராத்திரியே அத கைல வெச்சு டெஸ்ட் பண்ற வசதி வீட்டு போர்டுல மட்டும் தான் கிடைக்கும், எனக்கு அது பெரிய விஷயம்.

பிரின்ட்

முதல்ல மிரர் பிரச்சனை. இதுக்கு ஆளாளுக்கு ஒரு விதி சொல்வாங்க, டாப் லேயர்னா திருப்பு, பாட்டம்னா திருப்பாத, டோனர்னா இப்படி, ஃபிலிம்னா அப்படின்னு (படத்த காப்பர்ல ஏத்துற ரெண்டு முறை, ரெண்டும் கீழ வருது). எல்லாத்தையும் விட்டுட்டு ஒண்ணே ஒண்ண பிடிச்சுக்கலாம்: காப்பர் லேயர்ல எப்பவும் ஏதாவது ஒரு எழுத்து போட்டு வைங்க, முடிஞ்ச போர்டுல அந்த எழுத்து நேரா படிக்க வரணும், அப்படின்னா பேப்பர்ல அது திருப்பித்தான் இருக்கணும். டோனர் படிஞ்ச பக்கம் காப்பர தொட்டுட்டு இருக்கிற எந்த முறைக்கும் இது பொருந்தும். ஓட்டைல மாட்ற பார்ட்ஸ் மட்டும் இருந்தா மிரர் மாறினாலும் ஐசிய அந்தப் பக்கம் மாட்டி எப்படியாவது சமாளிச்சிடலாம், சர்ஃபேஸ் மவுன்ட் ஐசிக்கு அந்த வழியே கிடையாது, போர்டு குப்பைக்குத் தான்.

அடுத்தது அளவு. பிரின்ட் டயலாக்ல பேப்பருக்கு ஏத்த மாதிரி சுருக்குற ஆப்ஷன் தானா டிக் ஆகியிருக்கும், அத எடுத்துட்டு 100 சதவீதம் வைக்கணும், இது எல்லாருக்கும் தெரிஞ்சது. தெரியாதது என்னன்னா 100 வெச்சாலும் லேசர் பிரின்டர் சரியா 100 அடிக்கிறதில்ல. ரோலர் பேப்பர இழுக்கிற திசையில கொஞ்சம் வித்தியாசம் வரும், உள்ள சூட்டுல பேப்பரே ஈரம் போய் கொஞ்சம் சுருங்கும். 20 பின் ஹெடர்ல (ஒயர் மாட்ற ஒரே வரிசை பின்) முதல் பின்னுக்கும் கடைசி பின்னுக்கும் நடுவுல 48.26 மிமீ. இதுல 1 சதவீதம் தப்புன்னா கிட்டத்தட்ட அரை மிமீ, கடைசி பின் பேட்டோட ஓரத்துல போய் நிக்கும். இத டிரில் பண்ணும்போது தான் கண்டுபிடிப்போம், அதுக்குள்ள எட்சிங் வரைக்கும் எல்லா வேலையும் முடிஞ்சிருக்கும். அதனால குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணுன்னு 100 மிமீ கோடு போட்டு பிரின்ட் எடுத்து ஸ்கேல் வெச்சு அளந்துட்டு, எந்த திசையில எவ்ளோ குறையுதோ அந்த திசைக்கு மட்டும் ஸ்கேல மாத்துறேன். அப்புறம் சாதா பேப்பர்ல ஒரு பிரின்ட் எடுத்து உண்மையான ஹெடரையும் ஐசியையும் அது மேல வெச்சு பாக்குறேன். இந்த ரெண்டு நிமிஷ வேலை ஒரு போர்டயே காப்பாத்தும்.

டோனர் சேவ் மோட ஆஃப் பண்ணி டென்சிட்டிய முழுசா ஏத்தியே ஆகணும். அப்படியும் பெரிய கருப்பு ஏரியாவோட நடுவுல டோனர் மெலிசா தான் படியும், வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா ஊசி குத்தின மாதிரி புள்ளிகள் தெரியும், அந்த ஒவ்வொரு புள்ளியும் நாளைக்கு காப்பர்ல ஒரு குழி. கிரவுண்ட் ஏரியாவுக்கு சின்னச் சின்ன குழி பெரிய பிரச்சனை இல்ல, 0.3 மிமீ டிராக்ல ஒண்ணு வந்தா டிராக்கே போச்சு.

காப்பர் துடைக்கிறது

எல்லாரும் அவசரமா தாண்டிப் போற ஸ்டெப் இதுதான், பாதி தோல்விக்கு காரணமும் இதுதான்னு நான் உறுதியா சொல்வேன். பளபளன்னு இருந்தா சுத்தம்னு அர்த்தம் இல்ல. சில ஸ்டீல் வுல்ல துரு பிடிக்காம இருக்க எண்ணெய் தடவியிருப்பாங்க, அத வெச்சு தேய்ச்சா காப்பர் கண்ணாடி மாதிரி ஜொலிக்கும், மேல ஒரு எண்ணெய்ப் படலமும் இருக்கும், டோனரும் ஒட்டாது ஃபிலிமும் ஒட்டாது. நான் 600 நம்பர் வாட்டர் பேப்பர்ல தண்ணி விட்டு ரெண்டு திசையிலயும் தேய்ச்சு, பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு கழுவி, கடைசியா போர்ட குழாய் தண்ணில காட்டி சாய்ச்சுப் பிடிப்பேன். தண்ணி முழு பரப்புலயும் ஒரே படலமா உடையாம நின்னா சுத்தம். எங்கயாவது தண்ணி விலகி முத்து முத்தா பிரிஞ்சா அங்க எண்ணெய்ப் பிசுக்கு இருக்கு, திரும்ப தேய்ச்சே ஆகணும். டெஸ்ட் பாஸானப்புறம் ஓரத்த மட்டும் தான் பிடிக்கணும், விரல் நடுவுல படவே கூடாது.

டோனர் டிரான்ஸ்ஃபர்

லேசர் டோனர்ங்கிறது பிளாஸ்டிக் பொடி, சூட்டுல உருகி காப்பர் மேல ஒட்டிக்கிட்டா எட்சிங் சொல்யூஷன் அந்த இடத்த தொடாது. தத்துவம் இவ்ளோ தான். அயர்ன் பாக்ஸ்ல பண்றப்போ என்ன கஷ்டம்னா சூடு எவ்ளோன்னு தெரியாது, அழுத்தம் எவ்ளோன்னு தெரியாது, ஸ்டீம் வர ஓட்டைங்க இருக்கிற இடத்துல அழுத்தமே இருக்காது. குறைச்சு அழுத்தினா ஓரம் ஒட்டாது, கூட அழுத்தினா டோனர் நசுங்கி அகலமாகும். 600 டிபிஐல ஒரு புள்ளி 0.042 மிமீ, நம்ம ஐசி பேட் நடுவுல இருக்கிற 0.3 மிமீ இடைவெளி ஏழு புள்ளி அகலம் தான், ரெண்டு பக்கமும் டோனர் கொஞ்சம் பரவினாலே அந்த இடைவெளி காணாம போயிடும். லேமினேட்டர்ல அழுத்தம் சீரா கிடைக்கும், ஆனா 1.6 மிமீ போர்டு சூட்ட குடிச்சிட்டே இருக்கும், அதனால முதல்லயே போர்ட சூடு பண்ணிட்டு திரும்பத் திரும்ப உள்ள விடணும், சில லேமினேட்டர்ல அந்த தடிமன் போகவே போகாது.

அப்புறம் பேப்பர உரிக்கிறது. கிளாஸி பேப்பர்னா வெதுவெதுப்பான தண்ணில நல்லா ஊற விட்டு, தானா கழண்டு வர வரைக்கும் பொறுமையா இருக்கணும், இழுத்தா டோனரும் சேந்து வந்துடும். பெரிய துண்டெல்லாம் ஈஸியா வந்துடும், பிரச்சனையே மிச்சம் இருக்கிறதுல தான். டிராக்குக்கு நடுவுல பேப்பர் நாரும், அந்த பளபளப்புக்காக பேப்பர் மேல பூசியிருக்கிற வெள்ளை களிமண் பூச்சும் ஒட்டிக்கிட்டு நிக்கும். ஈரமா இருக்கும்போது அது கண்ணுக்கே தெரியாது, சுத்தமா வந்துடுச்சுன்னு தான் தோணும். காய வெச்சு லூப் (பூதக்கண்ணாடி) வெச்சு பாத்தேன், ஐசி கால் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல வெள்ளையா ஒரு திரை, பேட்ட பேட்டோட இணைச்சு. அப்படியே எட்சிங்ல போட்டா அத்தனை காலும் ஷார்ட்.

இதுக்கு நான் பண்றது, யாரு கேட்டாலும் முதல்ல சொல்றது, அரைகுறை முக்கு. போர்ட ஃபெரிக் குளோரைடுல (எட்சிங் கெமிக்கல்) ஒரு பத்து இருபது செகண்ட் மட்டும் முக்கி எடுத்து கழுவிடணும். மூடாத காப்பர் எல்லாம் உடனே பளபளப்பு போய் மங்கலான பிங்க் கலருக்கு மாறிடும். பேப்பர் நாரோ, பசையோ, எண்ணெயோ எது மூடியிருந்தாலும் அந்த இடம் மட்டும் மாறாம பழைய பளபளப்போட நிக்கும், சந்தேகத்துக்கே இடமில்லாம காட்டிக் கொடுத்துடும். அந்த இடத்த பழைய டூத் பிரஷ்லயோ ஊசி முனையிலயோ சுத்தம் பண்ணிட்டு மறுபடியும் முக்கிப் பாக்கலாம். டோனர் விட்டுப்போன இடமும் பிங்க்ல தெரியும், அங்க பெர்மனென்ட் மார்க்கர்ல தொட்டு விடலாம். முழு எட்சிங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போர்டு நம்ம கிட்ட பேசுற கடைசி சான்ஸ் இது.

பெரிய டிராக் இருக்கிற போர்டுக்கு டோனர் போதும், இப்பவும் பண்றேன். ஆனா இந்த 0.8 மிமீ ஐசிக்கு டோனர்ல ஒரு பக்க கால் நல்லா வந்தா இன்னொரு பக்கம் நசுங்குது, அந்தப் பக்கத்த சரி பண்ணா இந்தப் பக்கம் ஒட்டல. அதோட விட்டுட்டு டிரை ஃபிலிமுக்குப் போயிட்டேன்.

டிரை ஃபிலிம்

இது காப்பர் மேல ஒட்டுற, வெளிச்சத்துக்கு மாறுற ஃபிலிம், அதுவும் நெகட்டிவ், வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகி நிக்கும், படாத இடம் டெவலப்பர்ல கரைஞ்சு போகும், அதனால படத்த தலைகீழா, டிராக் வெள்ளையா மத்தது கருப்பா பிரின்ட் எடுக்கணும். ஃபிலிமோட ரெண்டு பக்கமும் மெல்லிசா பாதுகாப்பு உறை இருக்கும், உள்பக்கம் இருக்கிறத எடுத்துட்டு தான் காப்பர்ல ஒட்டணும். அத நகத்தால பிரிக்கவே முடியாது, மூலையில முன்னும் பின்னும் ரெண்டு செல்லோ டேப் ஒட்டி இழுத்தா பிரிஞ்சு வரும். ஒட்டும்போது அடியில காத்து மாட்டினா அங்க எட்சிங் சொல்யூஷன் புகுந்துடும், அதனால காப்பர் மேல தண்ணிய லேசா ஸ்ப்ரே பண்ணிட்டு ஒரு ஓரத்துல இருந்து தள்ளிக்கிட்டே ஒட்டிட்டு அப்புறம் லேமினேட்டர்ல விட்டா குமிழ் வரதில்ல.

எக்ஸ்போஷர் நேரம் தான் எல்லாரையும் பைத்தியம் பிடிக்க வைக்கிறது. அடுத்தவங்க சொல்ற நேரம் நமக்கு உதவவே உதவாது, ஏன்னா லைட், தூரம், கண்ணாடி, பிரின்ட்டோட கருமை எல்லாமே வேற. நான் 405 நானோமீட்டர் யூவி எல்இடி யூஸ் பண்றேன். ஒரு துண்டு போர்டுல ஃபிலிம் ஒட்டி, மேல கருப்பு அட்டைய வெச்சு, பத்து பத்து செகண்டா அட்டைய நகத்தி நகத்தி எக்ஸ்போஸ் பண்ணி டெவலப் பண்ணா ஒரே துண்டுல எல்லா நேரமும் வரிசையா தெரிஞ்சிடும். நேரம் கம்மியான பக்கம் ஃபிலிம் டெவலப்பர்லயே உரிஞ்சு போகும், கூடின பக்கம் கருப்புக்கு அடியிலயும் கெட்டியாகி இடைவெளி அடைச்சுக்கும். நடுவுல எது ரெண்டும் இல்லாம சுத்தமா இருக்கோ அதுதான் நம்ம நேரம், லைட்டையோ ஷீட்டையோ மாத்தினா மறுபடியும் பண்ணணும்.

படம் பிரின்ட் எடுக்கிற ஓஎச்பி ஷீட்ல (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட்) டோனர் கருப்பு முழுசா வெளிச்சத்த தடுக்காது. ஒரே படத்த ரெண்டு ஷீட்ல எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு சரியா பொருத்தி ஒட்டினா கருமை போதுமானதா ஆகுது. டோனர் பக்கம் ஃபிலிம தொட்டுட்டு இருக்கணும், மேல கனமான கண்ணாடி வைக்கணும், நடுவுல துளி இடைவெளி இருந்தாலும் வெளிச்சம் சாய்வா உள்ள போய் ஓரமெல்லாம் மங்கிடும்.

டெவலப்பர் சோடியம் கார்பனேட், அதாவது வாஷிங் சோடா, ஒரு லிட்டர் தண்ணிக்கு 10 கிராம், கை பொறுக்கிற வெதுவெதுப்பு. மேல் உறைய மறக்காம எடுத்துட்டு தான் இதுல போடணும். அளவு கூடினா நல்ல ஃபிலிமும் வீங்கி கழண்டு வரும். கண்ணுக்கு சுத்தமா தெரிஞ்சாலும் கரையாத ஃபிலிம் கண்ணாடி மாதிரி மெலிசா நிக்கலாம், அதனால இங்கயும் அந்த அரைகுறை முக்கு கண்டிப்பா உண்டு. இந்த போர்டுல ஐசியோட ஒரு மூலையில மூணு இடைவெளி பளபளன்னு நின்னுச்சு, திரும்ப டெவலப்பர்ல போட்டு மெல்லிசா பிரஷ் பண்ணதும் அடுத்த முக்குல அந்த மூணும் பிங்க்.

எட்சிங்

ஃபெரிக் குளோரைடு குளிர்ந்து இருந்தா வேலை இழுத்துக்கிட்டே போகும், இழுக்க இழுக்க டிராக் ஓரமும் அரிச்சிட்டே போகும். 40ல இருந்து 45 டிகிரி வரைக்கும் வெச்சா நல்ல வேகம், பிளாஸ்டிக் டிரேய சுடுதண்ணி டப்புக்குள்ள வெச்சா போதும், நேரா அடுப்புல வைக்கவே கூடாது. மெட்டல் பாத்திரமும் கிட்ட வரக் கூடாது, அலுமினியத்தோட அது ஆவேசமா ரியாக்ட் ஆகும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலயும் அரிச்சிடும்.

கெமிக்கல் கீழ்நோக்கி மட்டும் அரிக்கிறதில்ல, பக்கவாட்டுலயும் அரிக்கும், 35 மைக்ரான் ஆழம் போறதுக்குள்ள ஒவ்வொரு ஓரத்துலயும் ஏறக்குறைய அதே அளவு உள்ள போயிடும். 0.3 மிமீன்னு வரைஞ்ச டிராக் 0.23ஆ வரும். போர்டோட ஒரு மூலை முதல்லயே முடிஞ்சு இன்னொரு மூலைக்காக காத்திருந்தா முடிஞ்ச மூலையில டிராக் இன்னும் மெலியும். டிரேய ஆட்டிக்கிட்டே இருக்கிறதும், காலி இடத்தையெல்லாம் கிரவுண்டால ரொப்பிடறதும் இதுக்குத் தான், அரிக்க வேண்டிய காப்பர் எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருந்தா எல்லாம் ஒண்ணா முடியும், சொல்யூஷனும் சீக்கிரம் சாகாது.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட், ஹைட்ரஜன் பெராக்சைடு கலவை இன்னும் வேகமானது, ஆனா அதோட புகை நெஞ்ச அடைக்கும், ரூம்ல இருக்கிற டூல்ஸ் எல்லாம் துரு ஏறும். வெளிய திறந்த இடம் இல்லன்னா அத தொடாதீங்க.

செத்த சொல்யூஷன சிங்க்ல ஊத்தாதீங்க, தயவு செஞ்சு. அதுல கரைஞ்சிருக்கிற காப்பர் மீனுக்கும் தண்ணில வாழ்ற எல்லாத்துக்கும் விஷம், குழாயையும் அரிக்கும். வாஷிங் சோடாவ கொஞ்சம் கொஞ்சமா போட்டா நுரைச்சு நுரைச்சு அடங்கும், காப்பரும் இரும்பும் சேறா அடியில தங்கும், அந்த சேற மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல சேத்து வெச்சு அபாயமான கழிவு வாங்குற இடத்துல தான் குடுக்கணும்.

ஓட்டை

எஃப்ஆர்4ல இருக்கிறது கண்ணாடி நார், சாதா ஹெச்எஸ்எஸ் (ஸ்டீல்) பிட்ட அது சீக்கிரமே மழுக்கிடும், மழுங்கின பிட் வெட்டாம தள்ளும், பேட்ட அடியோட தூக்கிடும். கார்பைடு பிட் அருமையா வெட்டும், ஆனா பக்கவாட்டுல ஒரு துளி விசை பட்டாலும் படக்குன்னு உடையும், கையில பிடிச்ச டிரில்லுக்கு அது ஆகவே ஆகாது, ஸ்டாண்டு வேணும். ஐசிக்கும் ரெசிஸ்டருக்கும் 0.8, ஹெடருக்கு 1.0 மிமீ. பேட் நடுவுல 0.4 மிமீக்கு காப்பர் இல்லாம டிசைன்லயே விட்டுடுங்க, பிட் தானா அந்த குழியில போய் உக்காரும், ஓட்டை நகராம இருக்க இதவிட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. அந்த தூள் நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல், மாஸ்க் போட்டு, ஈரத்துணியால துடைச்சு எடுக்கணும், ஊதித் தள்ளக் கூடாது.

செக் பண்றதும் சோல்டரும்

ஃபிலிம எடுத்தப்புறம் போர்ட பிரகாசமான லைட்டுக்கு எதிர்ல தூக்கிப் பிடிச்சா எஃப்ஆர்4 வழியா வெளிச்சம் வரும், முடி அளவு வெட்டும் முடி அளவு ஒட்டும் அப்ப தான் தெரியும். அதுக்கப்புறம் மல்டிமீட்டர கன்டினியூட்டில வெச்சு, ஐசி வைக்கிறதுக்கு முன்னாடியே, பக்கத்து பக்கத்து பேட் 32ம் சுத்தி வந்தேன். டிசைன்லயே இணைச்சிருக்கிறத தவிர வேற எங்கயும் பீப் வரக் கூடாது. ஒரு ஜோடி பீப் அடிச்சது, லூப்ல எதுவும் தெரியல, லைட்டுக்கு எதிர்லயும் தெரியல, பிளேடு முனையால இடைவெளிய ஒரு தடவ கீறினதும் நின்னு போச்சு. ஐசிய சோல்டர் பண்ணப்புறம் இது வந்திருந்தா சோல்டர் பிரிட்ஜா, ஐசியே போச்சா, இல்ல காப்பரான்னு மணிக்கணக்கா தேடியிருக்கணும்.

சோல்டர் மாஸ்க் இல்லாத போர்டுல சோல்டர் கண்ட இடத்துக்கும் ஓடும், டிராக் மேலயே ஏறி பக்கத்து கால பிடிச்சுக்கும். ஃப்ளக்ஸ (சோல்டர் நல்லா ஒட்ட உதவுறது) தாராளமா தடவி, டிப்ல சோல்டர குறைச்சு எடுத்துட்டு, ஒரு மூலைக் கால முதல்ல பிடிக்க வெச்சு நேரா இருக்கான்னு பாத்துட்டு, வரிசையா இழுத்துட்டு வந்தா ஓகே. மிச்சம் நிக்கிறத சோல்டர் விக்ல (சோல்டர உறிஞ்சுற காப்பர் பின்னல்) எடுத்துடலாம். அப்புறம் வெறும் காப்பர் கொஞ்ச நாள்லயே கறுத்துடும், அதனால ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல கரைச்ச ரோசின் ஒரு கோட் பூசிட்டேன்.

பவர் குடுத்தது கரன்ட் லிமிட் 100 மில்லிஆம்ப்ல வெச்ச சப்ளைல. மோட்டார் மாட்டாம 14 மில்லிஆம்ப் எடுத்துச்சு, புரோகிராமர் சிப்ப கண்டுபிடிச்சது, லிமிட்ட ஏத்தி மோட்டார மாட்டினதும் சுத்துச்சு. ரூட்டிங்ல ஒரு விஷயத்த மட்டும் அடுத்த வெர்ஷனுக்கு மாத்தி வெச்சிருக்கேன்: ஐசிய விட்டு வெளிய வந்ததும் டிராக் 0.3ல இருந்து 0.5 ஆயிடும்.